கனடா நாளுக்குக் கொடி ஏற்றுகிறோம்: அளவு, வரிசை, பழைய கொடி - விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

பனைமரத்தடி

வணக்கம் உறவுகளே. யூலை முதலாம் திகதி எங்கள் மூத்தோர் சங்கம் ஒன்றுகூடல் வைக்கிறது. பேச்சு, பாட்டு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இழுபடுவது கொடி விசயம் மட்டும்தான்.

மேடையில் நாலு கொடி வரவேணும்: கனடா, ஒன்ராறியோ, நகரசபை, சங்கம். நாட்டுக் கொடி எப்பவும் நடுவிலதான் என்று ஒருவர் பிடிவாதம். நாலில் நடு எது ஐயா என்று கேட்டால் பதில் இல்லை. மண்டபத்துக்கு வெளியே கயிறும் கப்பியும் உள்ள 20 அடிக் கம்பம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் 3க்கு 5 அடிக் கொடிதான் கொட்டிக் கிடக்கு, விலையும் மலிவு. அதை வாங்கலாமா? எங்கட ஆக்களில் கனபேர் கொண்டோ அடுக்குமாடியில் இருக்கினம். பல்கனியில் கொடி கட்டினால் நிர்வாகம் கழற்றச் சொல்லேலுமா? அலுமாரிக்குள் நைந்துபோன கொடி மூன்று கிடக்கு, அதுகளை என்ன செய்யிறது?

கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாக வேணும் என்ற கதை கிளம்பின பிறகு கொடி பிடிக்கிற ஆசை எல்லாருக்கும் கூடியிருக்கு. பிடிக்கிறதைச் சரியாப் பிடிப்பம் என்றுதான் கேட்கிறன்.

கொடிக்கயிறு

3க்கு 5 வேண்டாம். அது கனடாக் கொடியின் அளவே இல்லை. எங்கள் கொடி 1க்கு 2, அதாவது அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். நடு வெள்ளை ஒரு முழுச் சதுரம். இரண்டு பக்கச் சிவப்பும் அந்தச் சதுரத்தில் பாதிப் பாதி. 36 அங்குல அகலக் கொடி என்றால் சிவப்பு 18, வெள்ளை 36, சிவப்பு 18, மொத்தம் 72 அங்குலம். 3க்கு 5 கொடியில் 60 அங்குலம்தான் இருக்கு. வெள்ளையைச் சதுரமாக விட்டால் சிவப்பு 12 அங்குலமாக ஒடுங்கும். சிவப்பை விட்டுக்கொடுக்காமல் அடித்தால் வெள்ளையும் இலையும் நெரிபடும். வேறு நாட்டுக் கொடிகளுக்குத் துணி வெட்டுகிற அதே அச்சில் இதையும் அடிப்பதால் வருகிற கோளாறு இது. ஒரு அளவு நாடா போதும், கடையிலேயே பிடித்துவிடலாம்.

இலையின் முனைகளையும் எண்ணிப் பாருங்கள். 11 இருக்க வேணும். 1964இல் நாடாளுமன்றக் குழு தெரிந்தெடுத்த மாதிரியில் 13 முனை இருந்தது. ஜாக் சென்-சீர் என்ற வரைகலைஞர் அதை 11 ஆக்கித் திருத்தினார். மலிவுக் கொடிகளில் கண்டபடி ஒரு இலையைப் போட்டுவிடுவார்கள். சிவப்பு, அச்சு நிற அட்டவணையில் பான்டோன் 032. செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தாலோ மெரூன் போல இருண்டாலோ வாங்காதீர்கள்.

உங்கள் 20 அடிக் கம்பத்துக்கு 3க்கு 6 அடி சரியான அளவு. 17 அடியிலிருந்து 20 அடிவரை அதுதான் பரிந்துரை. கம்பம் உயரமாகத் தெரிகிறது என்று நாலரைக்கு ஒன்பது வாங்கிவிடாதீர்கள். அது 30 அடிக் கம்பத்துக்கானது. உங்கள் கம்பத்தில் காற்றில்லாத நாளில் பாதிக்குக் கீழே தொங்கும், காற்றடித்தால் கம்பத்தையே ஆட்டும்.

துணி: சாதாரண இடத்துக்கு நைலோன். இலேசு, மெல்லிய காற்றிலும் விரியும், மழையில் நனைந்தால் கெதியாகக் காயும். ஏரிக்கரையோ வெட்டவெளியோ என்றால் தடித்த நெசவுப் பொலியெஸ்டர் நின்று பிடிக்கும், ஆனால் விரிய நல்ல காற்று வேணும். கொடி எப்பவும் கிழியத் தொடங்குவது பறக்கிற நுனியில்தான். அந்த ஓரத்தில் மூன்று நாலு வரித் தையல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நூல் பிரியத் தொடங்கினவுடன் மடித்துத் தைத்தால் காப்பாற்றலாம். ஒரு சாண் கிழிந்த பிறகு வெட்டித் தைத்தால் நீளம் குறைந்து 1க்கு 2 கெட்டுப்போகும்.

கட்டுகிற முறை: இங்கே நல்ல கொடிகளில் கம்பத்துப் பக்கம் ஒரு உறை தைத்து அதற்குள் கயிறு ஓடும். மேல் நுனியில் சின்ன மரக்கட்டை, கீழ் நுனியில் கயிற்றின் வால். மரக்கட்டை இருக்கிற பக்கம்தான் மேல். கம்பத்துக் கயிற்றின் வளையத்துக்குள் கட்டையைக் குறுக்கே நுழைத்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். கீழ் வாலைக் கயிற்றின் மற்ற முனையோடு முடிச்சுப் போடுங்கள். இதைப் பார்க்காமல் அவசரத்தில் கட்டினால் இலை தலைகீழாகப் போகும். தலைகீழ்க் கொடி என்றால் உயிராபத்து, உதவி வேணும் என்று பொருள். சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சைகை வேண்டாம்!

பழைய கயிறு என்றால் மாற்றிவிடுங்கள். 20 அடிக் கம்பத்துக்கு ஏறவும் இறங்கவும் 40 அடி, முடிச்சுக்கும் சுற்றுக்கும் சேர்த்து 45 அடி வாங்குங்கள். இழுபடாத பின்னல் பொலியெஸ்டர் நல்லது. உலோகக் கொக்கி போட்டால் அலுமினியக் கம்பத்தில் இரவெல்லாம் டிங் டிங் என்று அடித்து அயலவர் முறைப்பாடு வரும். இறப்பர் உறை போட்ட கொக்கி கிடைக்கிறது.

மேடை வரிசை: மூன்று கொடி என்றால்தான் கனடா நடுவில் வரும். அப்போது இரண்டாவது மதிப்புள்ள கொடி பார்ப்பவரின் இடப்பக்கம், மூன்றாவது வலப்பக்கம். இரண்டு கொடியோ மூன்றுக்கு மேலோ என்றால் கனடாக் கொடி பார்ப்பவரின் இடது அந்தத்தில். உங்கள் நாலுக்கு, சபையில் இருப்பவர் பார்க்க இடமிருந்து வலமாகக் கனடா, ஒன்ராறியோ, நகரசபை, சங்கம். எல்லாக் கம்பமும் ஒரே உயரம், ஒரு கம்பத்துக்கு ஒரு கொடிதான். ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவது பிழை. குழப்பம் வருவது எங்கே என்றால், மேடை அலங்கரிப்பவர் சபையை முதுகுப்பக்கம் விட்டு நிற்காமல் சபையைப் பார்த்து நின்றுகொண்டு இடது வலது சொல்வார். கடைசி வரிசைக் கதிரையில் ஒருவரை இருத்திக் கேளுங்கள்.

பொழுது பட்டதும் வெளிக் கொடியை இறக்கிவிடுங்கள், இரவில் பறக்கவிடக் கூடாது.

நாலாம்மாடி

கொடிக்கயிறு அண்ணை சொன்ன அளவும் வரிசையும் சரி. கடைசி வரி சரியில்லை. பொழுதுபட்டால் இறக்க வேணும் அல்லது விளக்குப் போட வேணும் என்பது அமெரிக்க வழக்கம். கனடாவில் கொடி இரவும் பகலும் பறக்கலாம். மண்டபக் காவலாளியை இதற்காக மினக்கெடுத்தத் தேவையில்லை. கடுங்காற்று எச்சரிக்கை வந்தால் மட்டும் இறக்குங்கள். அது மரியாதைக்காக இல்லை, துணியைக் காப்பாற்ற. மழையில் நனைந்ததை மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், மலிவுச் சாயம் என்றால் சிவப்பு வெள்ளைக்குள் ஊறும். விரித்துக் காயவிட்டுத்தான் மடிக்க வேணும்.

கொண்டோ விசயம். 2012இல் தேசியக் கொடிச் சட்டம் என்று ஒன்று வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தனிப் பிரேரணையாக வந்த முதல் வரைவில் கொடியைத் தடுப்பவர்மேல் நடவடிக்கை எடுக்க வழி இருந்தது. நிறைவேறும்போது அது போய், அடுக்குமாடி, கொண்டோ நிர்வாகங்கள் கொடியை அனுமதிக்க "ஊக்குவிக்கப்படுகின்றன" என்று மட்டும் மிஞ்சியது. ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டி நிர்வாகத்தோடு சண்டைக்குப் போனால் எடுபடாது. மரியாதையாக ஒரு கடிதம் எழுத அது நல்ல துணை, அவ்வளவுதான்.

ஒன்ராறியோவில் பெரும்பாலான கொண்டோக்களின் வெளிச்சுவர் கட்டட உரிமையாளர் எல்லாருக்கும் பொதுவான சொத்து. துளை போட்டுத் தாங்கி பூட்ட 1998ஆம் ஆண்டுக் கொண்டோச் சட்டத்தின் 98ஆவது பிரிவின்படி கொண்டோ நிர்வாக சபையின் சம்மதம் வேணும். துளையே போடாமல் பல்கனிக் கம்பியின் உட்பக்கம் கொடியைத் தட்டையாக விரித்து நாலு மூலையையும் கட்டுங்கள். பல கட்டடங்களில் இதற்குத் தடை இருக்காது. ஆனாலும் உங்கள் கட்டட விதிக்கோவையில் பல்கனியில் பொருள் தொங்கவிடுவது பற்றிய வரியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடமும் ஒரு சொல் கேளுங்கோ.

நெடுக்காகத் தொங்கவிட்டால் கனபேர் பிழைவிடுகிறார்கள். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இலையின் தலை இடப்பக்கமும் காம்பு வலப்பக்கமும் இருக்க வேணும். உங்கள் வரவேற்பறையிலிருந்து பார்க்க மாறித் தெரியும், அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

தனிவீட்டு வாசலுக்கு: 6 அடிச் சாய்வுக் கம்பமும் 27க்கு 54 அங்குலக் கொடியும் போதும். தாங்கி அலுமினியமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் முதல் குளிர்காலத்திலேயே வெடிக்கும். செங்கல் சுவரில் கல்லைத் துளைக்காமல் சாந்துக் கோட்டில் துளைத்தால், பிறகு கழற்றும்போது பூசி மறைக்கலாம். வினைல் பலகைச் சுவரில் வெறும் பலகையில் திருகினால் காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும், உள்ளே இருக்கிற மரச்சட்டம்வரை திருகாணி போக வேணும். கொடி கம்பத்தில் சுருண்டு சுருண்டு நிற்கிறது என்றால் சுழலும் வளையம் பூட்டிய கம்பம் வாங்குங்கள்.

மேப்பிள்நிழல்

பழைய கொடிகளுக்குப் பதில் வரவில்லை, நான் சொல்கிறேன். அப்படியே குப்பைப் பையில் போடக் கூடாது. முதலில் துணி என்ன என்று பாருங்கள். நைலோன், பொலியெஸ்டர் என்றால் எரிக்காதீர்கள், உருகிச் சொட்டும், நச்சுப் புகை வரும். கீலங்களாகக் கிழியுங்கள்: சிவப்பு வேறு, வெள்ளை வேறு, இலையும் இலையாகத் தெரியக் கூடாது. ஒவ்வொரு துண்டும் ஒரே நிறமாக இருந்தால் அது கொடியில்லை, வெறும் துணி. பிறகு பையில் கட்டி அகற்றலாம், கைவேலைக்கும் எடுக்கலாம். பருத்தி, கம்பளி, லினன் என்றால் எரிக்கலாம். ஆனால் தனிமையில், ஆரவாரம் இல்லாமல். சங்கக் கூட்டத்தில் பேச்சு வைத்து எரிக்கிறது அல்ல. நகரத்துக்குள் வெளியில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமாரிக்குள் கிடக்கிறவை அழுக்கு மட்டும்தான், கிழியவில்லை என்றால் தோய்த்து அழுத்தித் திரும்பப் பாவிக்கலாம். அதில் தவறில்லை.

இதெல்லாம் சட்டம் இல்லை. மீறினால் தண்டம் கட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் கட்டடங்களுக்கான விதி, பொதுமக்களுக்கு வழிகாட்டல். பக்கத்து வீட்டுக்காரர் 3க்கு 5 கட்டியிருக்கிறார் என்று கதவைத் தட்டப் போகாதீர்கள்.

கம்பம் வருசம் முழுக்க உங்கள் பொறுப்பு என்றால் அரைக்கம்பமும், அதாவது துக்கம் காட்டக் கொடியைப் பாதிக்கு இறக்குவதும், தெரிந்திருக்க வேணும். ஏப்ரல் 28, செப்டெம்பர் 30, நவம்பர் 11, டிசம்பர் 6 ஆகியவை வருசாவருசம் வருகிற முக்கியமான நாள்கள். கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு கொடியின் நடு கம்பத்தின் நடுவுக்கு வரும்வரை இறக்க வேணும். மாலையில் இறக்கும்போதும் திரும்ப உச்சிக்குப் போய்த்தான் கீழே. இரண்டடி மட்டும் இறக்கிவிட்டால் பார்ப்பவருக்குக் கயிறு இளகிவிட்டது போலத்தான் தெரியும். வாசல் சாய்வுக் கம்பங்களுக்கு இந்த வேலை இல்லை. கயிறும் கப்பியும் உள்ளவற்றுக்கு மட்டும்தான்.

இன்னொன்று. பேச்சாளர் மேசைக்குக் கொடியை விரிப்பாகப் போடாதீர்கள், மேடை முன்பக்கத்தை மறைக்கவும் வேண்டாம். எங்கள் நிகழ்ச்சிகளில் அடிக்கடி காண்கிற பிழை இது. மேசைக்குச் சிவப்பு, வெள்ளைத் துணி தனித்தனியாக வாங்கி மடித்துத் தொங்கவிட்டால் அதே அழகு வரும். கொடியில் எல்லாரும் கையெழுத்து வைக்கிறதும் வேண்டாம். அதற்கு ஒரு வெள்ளை அட்டை வையுங்கள்.

பனைமரத்தடி

எல்லாருக்கும் நன்றி, பெரிய உதவி. இன்றைக்கு ஒரு புதுச் சிக்கல். நடனக் குழுவுக்காரர் இந்தியக் கொடியும் மேடையில் வேணும் என்கிறார்கள். அது கடைசியில்தானே வரும்?

கொடிக்கயிறு

இல்லை அக்கா. வேற்று நாட்டுக் கொடி மாகாணக் கொடிக்கு முன்னால் வரும். கனடா, இந்தியா, ஒன்ராறியோ, நகரசபை, சங்கம். இன்னொரு நாடும் சேர்ந்தால் நாடுகளை அகர வரிசையில் நிறுத்துங்கள். நாட்டுக் கொடிகள் ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேணும். அங்கேதான் ஒரு வில்லங்கம்: இந்தியக் கொடி 2க்கு 3. நீளத்தைச் சமப்படுத்தப் போனால் அது கனடாக் கொடியைவிட அகலமாகிவிடும். அகலத்தைச் சமப்படுத்துங்கள். கனடா 36க்கு 72 என்றால் இந்தியா 36க்கு 54.

இரவுக் கொடி விசயத்தில் நாலாம்மாடி சொன்னதுதான் சரி, நான் எழுதினது பிழை.

நாலாம்மாடி

தேசிய கீதத் தாளை ஒருக்காப் பாருங்கள். ஆங்கில வரி 2018இல் மாறியது. "ஓல் தை சன்ஸ்" என்று இருந்த இடத்தில் இப்போது "ஓல் ஒஃப் அஸ்". சங்கங்களில் பழைய தாளையே பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், பாதிச் சபை ஒன்றும் மீதிச் சபை இன்னொன்றும் பாடும்.

கைக்கொடிகளுக்கும் சட்டைப் பின்களுக்கும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் கேளுங்கள். தொகுதி மக்களுக்குக் கொடுக்க வைத்திருப்பார்கள், யூன் கடைசியில் போனால் முடிந்திருக்கும். வாசலில் ஒரு பெரிய பெட்டியும் வையுங்கள். சாப்பாடு தொடங்கினதும் பிள்ளைகள் கைக்கொடியை நிலத்தில் போட்டுவிட்டு ஓடும், பிறகு அது கதிரைக் காலுக்குக் கீழேதான் கிடக்கும்.