பாரிசவாதம்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஒட்டுசுட்டான் மருமகன்

மாமாவுக்கு வந்தது விடியற்காலையில். தேத்தண்ணிக் கோப்பை வலக்கையில் நிற்கவில்லை, வாயும் ஒரு பக்கம் கோணியிருந்தது. "இரவு முழுக்க வயலுக்குத் தண்ணி கட்டினவர், களைப்பு" என்றார் மாமி. பக்கத்து வளவு ஐயா எண்ணெய் போடும் பரியாரியிடம் கொண்டுபோகச் சொன்னார். இன்னொருவர் அஸ்பிரின் கரைத்துக் கொடு என்றார். மச்சாள் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். வலக்கை தானாக இறங்கியது. பெயரைக் கேட்டாள், நாக்குக் குழறியது. யாரிடமும் யோசனை கேட்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் சாதாரணமாக இருந்தவர்?" மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைத்து வந்த பாரிசவாதம் என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். நித்திரையில் வந்திருந்தால், படுக்கப் போகும்போது நன்றாக இருந்த நேரத்தில் இருந்துதான் பொதுவாகக் கணக்கு. மாமா விடியப்புறம் வாய்க்காலடியில் பக்கத்து வயல்காரரோடு கதைத்திருந்தார். அந்த ஆளுக்குப் போன் போட்டு நேரத்தை உறுதிப்படுத்தினோம். ஸ்கான் எடுத்து, மூளைக்குள் இரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஊசி போட்டார்கள். கசிவாக இருந்து அஸ்பிரினும் உள்ளே போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

இப்போது காலை இழுத்து நடக்கிறார், சாப்பாட்டைத் தானே பிசைந்து சாப்பிடுகிறார். வன்னியில் எல்லோரும் ஆஸ்பத்திரி தூரம் என்று குறைப்படுகிறோம். விறாந்தையில் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக் கழிக்கிற நேரம் யார் கணக்கிலும் இல்லை.

கிளிநொச்சி, அம்மாவோடு இருப்பவள்

நீங்கள் நேரத்துக்குப் போனீர்கள். எங்கள் அம்மா தனியாக இருந்தவர்; பின்னேரம்தான் கண்டோம். அதற்குப் பிறகு உள்ள வாழ்க்கையை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

வலப்பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது விளங்கும், பதில் வராது. "தண்ணி" என்ற சொல் கூட வராத அம்மாவுக்குத் தேவாரம் ராகத்தோடு வருகிறது! பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை, இது பலருக்கும் நடப்பதுதான், பாட்டை வைத்தே சொற்களைப் பழக்கலாம் என்றார்.

முதல் நாட்களில் ஆசையாய்த் தண்ணி பருக்க வேண்டாம். விழுங்கும் சக்தியைச் சோதிக்கும் முன் கொடுத்தால் நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியா வரலாம். எழுப்பும்போது சோர்ந்த கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். படுக்கையில் இருந்த காலத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைத்தோம், இல்லாவிட்டால் படுக்கைப் புண். அம்மா காரணம் இல்லாமல் அழுவார், சிரிப்பார். மூளை அடிபட்டதால் வருவது அது. வந்து பார்க்கிற சனம் "பைத்தியம்" என்று காதுபடச் சொல்லும், அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

உடற்பயிற்சியை மட்டும் விடாதீர்கள். முதல் சில மாதங்களில்தான் கூடுதலான முன்னேற்றம் தெரியும்.

மல்லாவி கடைக்காரன்

எனக்கு வந்தது சின்னது. சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது விரல் மரத்து, காசு கையில் நிற்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்தால் ஆபத்து; அடுத்த இரண்டு நாளுக்குள்ளேயே பெரியது வரலாம் என்று ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். பிரஷர் ஏறித்தான் இருந்தது, தலையிடி கூட இல்லை.

எங்கள் ஊரில் அதிகம் காண்பது இதுதான்: கிளினிக்கில் பிரஷர் 130க்கு வந்ததும் சனம் தாங்களாகவே குளிசையை நிறுத்திவிடும். குளிசை போட்டபடியால்தான் அது 130! நான் கிளினிக் கொப்பியைக் கடை லாச்சியிலேயே வைத்திருக்கிறேன். சுருட்டை விட்டேன். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டுமாம். கருவாடும் மோர்மிளகாயும் ஒரே கோப்பையில் இருந்தால் அது எங்கே நடக்கிறது? கருவாட்டை ஊற வைத்துக் கழுவி, கிழமைக்கு ஒருநாள் என்று மனுசி சட்டம் போட்டிருக்கிறாள். சீனி வருத்தம் உள்ளவர்களும், நெஞ்சுத்துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். துடிப்பு அப்படி இருந்தால் இதயத்துக்குள் இரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போகுமாம்.

புதுக்குடியிருப்பு அக்கா

1990க்குக் காசு எடுப்பார்களா? எங்கள் வீடு உள்வீதி, கண்டுபிடிப்பார்களா?

ஒட்டுசுட்டான் மருமகன்

இலவசம் அக்கா. கிட்ட உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடத்தைச் சொல்லுங்கள், எடுத்த போனைக் கையிலேயே வைத்திருங்கள், திரும்ப எடுப்பார்கள். இரவென்றால் சந்தியில் ஒருவரை டோர்ச்சோடு விடுங்கள். எங்கள் பக்கம் போல யானை நிற்கிற வீதி என்றால் இரண்டு பேராகப் போகச் சொல்லுங்கள்.