திருவிருந்துக்கு முன் ஒப்புரவாக வேண்டுமா?

கேள்வி: சபையில் ஒருவரோடு மனஸ்தாபம். ஜெபித்துவிட்டுத் திருவிருந்தில் (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனையில்) பங்கெடுத்தால் போதுமா, பிரதர்?

பதில் 1: போதாது. பைபிளில் மத்தேயு 5:23-24 படியுங்கள்: காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு, என்கிறது. குறை அவருக்கு உங்கள்மேல் இருந்தாலும் நீங்கள்தான் முதலில் போகணும்.

பதில் 2: தவறு அவருடையதென்றால் மத்தேயு 18:15-17. முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, பிறகே சபை. பெரும்பாலும் முதல் படியிலேயே கெடுகிறது: ஜெபக்குறிப்பு ('இதற்காக ஜெபியுங்கள்' என்று பிறரிடம் சொல்வது) என்ற பெயரில் விஷயம் நாலு பேர் காதுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள், குரலின் தொனி அதில் தெரியாது. மன்னிப்புக் கேட்கும்போது செய்த தவறை வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'உங்களுக்கு வருத்தமாயிருந்தால்' என்று தொடங்கினால் பழி அவர்மேல் விழும்.

பதில் 3: அவர் இறங்கி வராவிட்டால் ரோமர் 12:18, 'கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்'. ஆனால் அடியும் மிரட்டலும் உள்ள இடத்துக்கு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். அங்கே பாதுகாப்புதான் முதலில்.