கஜா புயல்: முதல்வர் வந்தது நான்காம் நாளா, ஐந்தாம் நாளா?

கோப்புக்காரன்:
பேரிடருக்குப் பின் ஓர் அரசு எவ்வாறு இயங்க வேண்டும் என்பதற்கு 2018 கஜா புயலே சான்று. கரை கடக்கும் முன்பே எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினே முன்னேற்பாடுகளைப் பாராட்டினார். மீட்புப் பணியைக் குறை சொல்வோர் களத்தைக் கண்ணால் காணாதவர்கள்.

கடைமடைக்காரன்:
கடைசி வரி இல்லையென்றால் பேசாமல் கடந்து போயிருப்பேன். என் தோப்பு பேராவூரணிப் பக்கம்; களத்தைக் காண நான் எங்கும் போக வேண்டியதில்லை. முன்னேற்பாட்டை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது புயலுக்கு முந்தைய வேலை. நீங்கள் பேசுவது பிந்தைய வேலையை. நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரை கடந்தது. அன்றைய முதல்வர் பழனிசாமி வந்தது 20ஆம் தேதி, அதாவது ஐந்தாம் நாள், அதுவும் ஹெலிகாப்டரில். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களைப் பார்த்துவிட்டு, வானிலை சரியில்லை என்று திருவாரூரையும் நாகையையும் பார்க்காமலே திரும்பினார். புயல் கரையேறிய மாவட்டமே பயணத்திலிருந்து விடுபட்டுப் போனதைத்தான் சான்று என்கிறீர்களா?

கோப்புக்காரன்:
நான்காம் நாள். பதினாறுக்குப் பின் 17, 18, 19, 20. எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடைமடைக்காரன்:
புயல் அடித்தது பதினாறாம் தேதி விடியும் முன். அந்த வெள்ளிக்கிழமைப் பகல் முழுவதும் குடிதண்ணீர் இல்லாமல், சாலையை அடைத்துக் கிடந்த மரங்களை நாங்களே வெட்டிக்கொண்டிருந்தோமே, அந்த நாள் அரசாங்க நாட்காட்டியில் கிடையாதா? ஐந்தாம் நாள்தான்.

வேதை உப்பளம்:
இருவரின் கணக்கும் எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் நாகை மாவட்டத்துக்கு முதல்வர் வந்தது அந்த மாதக் கடைசியில், ரயிலில். ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நேரத்தில், இடுப்பளவு நீரில் இறங்கிக் கம்பம் நட்ட மின் ஊழியர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துத் திட்டாதீர்கள்.

கோப்புக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த ஊழியர்களைப் பிற மாவட்டங்களிலிருந்து திரட்டி அனுப்பியது யார்?

கடைமடைக்காரன்:
கேரளத்திலிருந்தும் வந்தார்கள். அவர்களையும் தங்கள் கோப்புதான் திரட்டியது என்று எழுதிவிடாதீர்கள். ஊழியரின் உழைப்பைத் தலைமையின் சாதனையாக எழுதிக்கொள்ளும் இந்த வழக்கம், ஒக்கி புயல் பற்றி இதே தளத்தில் நாம் வாதாடிய முந்தைய இழையிலேயே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கோப்புக்காரன்:
ஒக்கி இழையில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மறைந்தவர் தாங்கள்தான். இங்கேயும் நான்காம் நாளை ஐந்தாம் நாளாக்கி மழுப்புகிறீர்கள்.

நாகூர் வாசகன்:
சுனாமியை நினைத்துப் பாருங்கள். அப்போது தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ராதாகிருஷ்ணன் நாகைக்கு அனுப்பப்பட்டார். எந்த ஊருக்கு யார் என்ன செய்கிறார்கள் என்பதைத் தொண்டு நிறுவனங்களோடு உட்கார்ந்து பிரித்துக்கொள்ள ஓர் ஒருங்கிணைப்பு மையமும் இருந்தது. கஜாவுக்கு அப்படி என்ன இருந்தது என்று யாராவது சொல்லலாமே.

கடைமடைக்காரன்:
நல்ல கேள்வி, இதற்குக் கோப்புக்காரர் பதில் சொல்ல மாட்டார். கஜாவில் அடிபட்டது கடலோரம் மட்டுமா? பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று உள்நாட்டுத் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தது. அரசு அறிவித்த தொகை மரத்துக்கு 600 ரூபாய், அதை அறுத்து அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். புதிதாக நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும் என்பது எந்தத் துறையின் பொறுப்பு? விழாமல் குருத்து மட்டும் திருகிப்போன மரம் சேதமா இல்லையா என்று எங்கள் ஊரில் கேட்டபோது ஒருவரும் எழுத்தில் பதில் தரவில்லை. புயல் அடித்த மறுநாளே புதுக்கோட்டை மாவட்டக் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன. நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒருங்கிணைப்பு சரியாக இருந்த இடத்தில் அந்த நிலை ஏன் வந்தது?

கோப்புக்காரன்:
வாகனத்தை எரித்தவர்களுக்கு வக்காலத்து வாங்குவது இப்போது விமர்சனம் ஆகிவிட்டது! உடனடியாக ஆயிரம் கோடி ரூபாயை ஒதுக்கியதும், மத்திய அரசிடம் ஏறத்தாழ பதினைந்தாயிரம் கோடி கேட்டதும் தங்கள் கண்ணில் படவில்லை. இவ்வளவு எழுதியவர், நான்காம் நாள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடைமடைக்காரன்:
'நியாயப்படுத்தவில்லை' என்று தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.

வேதை உப்பளம்:
கேட்டது எவ்வளவு என்பது இருக்கட்டும். வந்தது எவ்வளவு என்று எழுதுங்கள்.

கோப்புக்காரன்:
அதை மத்திய அரசிடம் கேளுங்கள். மாநிலத்தின் கடமை கேட்பது, கேட்டது.

கடைமடைக்காரன்:
கேட்டதோடு கடமை முடிந்துவிடுகிறது என்றால், அந்த 500 ரூபாய்க்கு ஓர் அடிமரத்தை அறுத்து, தூரைத் தோண்டி, தோப்பை விட்டு வெளியேற்ற அந்த மாதத்தில் எந்த ஊரில் ஆள் கிடைத்தார் என்பதையும் அவரே எழுதட்டும். ஒக்கி கேள்விக்கு அதற்குப் பிறகு பதில் சொல்கிறேன்.