புதுப்பிப்பு: கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஹென்ட்ரிக்ஸ் படம்

புகைப்படக்காரர் ஜிம் மார்ஷல் கையெழுத்திட்ட, அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் படம், 1967-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழாவில் அவர் கிட்டாருக்குத் தீ வைத்த காட்சி, எங்கள் புதுச்சேரி வீட்டில் ஈரம் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பிய்த்து எடுக்காதீர்கள் என்றீர்கள். நல்லவேளை, கேட்டேன்.

சென்னையில் பழைய படங்களைச் சீர்செய்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான் ஒட்டியிருந்தது. மெல்ல விடுவித்துவிட்டார்; அங்கே பளபளப்பு கொஞ்சம் போய்விட்டது. கீழே வெள்ளை ஓரத்துக் கையெழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மார்ஷல் 2010-இல் இறந்துவிட்டார். இன்னொரு கையெழுத்துக்கு யாரிடம் போவது?

தவறு, படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போட்ட விதத்தில். படம் நேராகக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இது வெள்ளி அச்சு, அதாவது வெள்ளி உப்பு பூசிய தாளில் எடுக்கும் பழைய முறைப் படம்; அதன் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரத்தில் ஊறி இளகும், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இப்போது நடுவில் அமிலமில்லாத தடித்த அட்டை வைத்து இடைவெளி விட்டாயிற்று. பசை கிடையாது, மூலைகளில் செருகியதுதான்.

அப்புறம், கடல் பக்கச் சுவரிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.