டிமானிடைசேஷனுக்கு ‘செல்லாதாக்கம்’: என் முன்மொழிவு

வணக்கம்.

இந்திய நாணயங்கள், நோட்டுகளின் வரலாற்றுக் கையேட்டுக்கான நம் சொற்பட்டியலில் டிமானிடைசேஷன், அதாவது புழக்கத்திலுள்ள நோட்டையோ காசையோ இனிச் செல்லாது என்று அரசு ஆணையிட்டு நிறுத்துவது, அதற்கான தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இதுவரை வந்தவை பணமதிப்பிழப்பு, பணமதிப்பு நீக்கம், பணநீக்கம், செல்லாமை. நான் ‘செல்லாதாக்கம்’ என்று முன்மொழிகிறேன். காரணம் கொஞ்சம் நீளம்.

2016 நவம்பருக்குப் பிறகு நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பணமதிப்பிழப்பு என்றே கேட்டுப் பழகிவிட்டோம், இனி மாற்ற வேண்டாம் என்று இரண்டு நண்பர்கள் எழுதியிருந்தார்கள். பழகிவிட்டது உண்மைதான். ஆனால் நாம் ரூபாயின் முழு வரலாற்றுக்குச் சொல் தேடுகிறோம். அதில் 1966 ஜூன் 6 வருகிறது. அன்று ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த கணக்கை அரசு 7.50 ரூபாய் ஆக்கியது. அன்று பணத்தின் மதிப்பு உண்மையிலேயே இறங்கியது. ஆனால் யார் பையிலிருந்த நோட்டும் செல்லாமல் போகவில்லை. 1991 ஜூலையில் இரண்டு தவணையாக நடந்ததும் இதே வகை. 2016இல் அரசு டாலர் கணக்கைத் தொடவில்லை, நோட்டைத்தான் நிறுத்தியது. 1966க்கு மதிப்பிறக்கம், 2016க்கு மதிப்பிழப்பு என்று அடுத்தடுத்த பக்கங்களில் எழுதினால், படிக்கும் மாணவர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வார். அவர் மீது தப்பில்லை.

சரி, 2016இல் மதிப்பு போனதா? நவம்பர் 8 இரவு நிறுத்தப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகள் அப்போது புழக்கத்திலிருந்த பணத்தின் மொத்த மதிப்பில் சுமார் 86 சதவீதம். டிசம்பர் 30 வரை வங்கியில் கட்டியவர்களுக்கு 500க்கு 500 கணக்கில் ஏறியது. 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே பின்னர் அறிவித்தது. அந்த ஐம்பது நாளும் நோட்டுக்கு மதிப்பு இருந்தது. கடையில் நீட்டினால் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான். அரசிதழ் அறிவிக்கையும் அப்படித்தான் பேசியது: ரிசர்வ் வங்கிச் சட்டம் 26(2) பிரிவின்படி, இவை இனி சட்டப்படி செல்லும் பணம் ஆகா. நீங்கியது கைமாறும் தகுதி.

அதற்கு நம்மிடம் ஏற்கெனவே வினைச்சொல் இருக்கிறது: செல். செலவு, செல்லுபடி, செல்லாக்காசு எல்லாம் அதன் பிள்ளைகள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் மளிகைக் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது ‘500, 1000 செல்லாது’ என்றுதான். எந்த அகராதியையும் பார்க்காமல் அந்தக் கடைக்காரர் சட்டத்தின் சொல்லைச் சரியாகப் பிடித்திருந்தார். எனக்கு இந்தச் சொல் தோன்றியதே அந்தப் பலகையால்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இழப்பு என்றால் தானாக நேர்ந்தது போல ஒலிக்கிறது. இங்கே செய்தவர் உண்டு, தேதி உண்டு, ஆணை உண்டு. 1946 ஜனவரி 12இல் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகளை அவசரச் சட்டம் நிறுத்தியது. 1954இல் 1000, 10,000 நோட்டுகள் மீண்டும் வந்தன, கூடவே 5000 ரூபாய் நோட்டும். 1978 ஜனவரி 16இல் அந்த மூன்றும் இன்னோர் அவசரச் சட்டத்தால் நின்றன. அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ஐ. ஜி. படேலுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இப்படிச் செய்வதால் பெரிய பலன் கிடைப்பது அரிது என்று நிதியமைச்சர் எச். எம். படேலிடம் சொன்னதை அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் செய்கிறார். இப்படி முடிவெடுத்துச் செய்த ஒன்றை ‘இழப்பு’ என்று எழுதினால் செய்தவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார். ஆக்கம் என்று முடித்தால் அவர் இருப்பார். செல்லாமை என்ற சொல்லிலும் இதே குறைதான். செல்லாமை நிலையைச் சொல்லும், செயலைச் சொல்லாது.

எங்கள் அத்தை கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் வாதத்துக்கு எதிராகவும் நிற்கிறது. 2017 கோடையில் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவை மடிப்பிலிருந்து இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தார். எப்போது வைத்தோம் என்றே அவருக்கு நினைவில்லை. “இது போச்சாடா?” என்று கேட்டார். போய்விட்டது. அவரைப் பொறுத்தவரை அது மதிப்பிழப்புதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் அது இரண்டாவது படி. அந்த நோட்டுகளுக்கான ரிசர்வ் வங்கியின் பொறுப்பு 2016 டிசம்பர் 31 முதல் முடிந்தது என்று 2017இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நோட்டில் அச்சிட்ட வாக்குறுதி அறுந்தது அங்கேதான். எனவே முதல் படிக்குச் செல்லாதாக்கம், இரண்டாம் படிக்குக் கடப்பாடு நீக்கம் என்று இரண்டு சொற்கள் தேவை. ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கினால் அத்தையின் ஆயிரம் ரூபாய் எந்தப் படியில் போனது என்று விளக்க முடியாது.

2023 மே 19இல் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, இதையும் பலர் பணமதிப்பிழப்பு என்றே எழுதினார்கள். அது தவறு. புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார்கள், ஆனால் சட்டப்படி செல்லும் என்று சேர்த்தே சொன்னார்கள். இதற்குத் ‘திரும்பப் பெறல்’ போதும். 2011 ஜூன் 30இல் 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் நின்றதோ முழுச் செல்லாதாக்கம். காசு என்பதால் அதை நம் பட்டியலிலிருந்து விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், பத்து ரூபாய் நாணயம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடையிலும் பேருந்திலும் வாங்க மறுத்தார்கள். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருந்தது. பேச்சுவழக்கில் அதையும் ‘செல்லாது’ என்றுதான் சொன்னோம். செல்லாமை என்ற சொல்லை இந்த நிலைக்கு வைத்துக்கொள்ளலாம்: சட்டம் செல்லும் என்கிறது, சந்தை செல்லாது என்கிறது. அரசு ஆணையால் நடப்பது செல்லாதாக்கம். இந்த வேறுபாடு நம் கையேட்டுக்கு மிகவும் பயன்படும்.

பணநீக்கம் என்று எழுதிய நண்பருக்கு: சுருக்கம் நன்று, ஆனால் ஓர் எழுத்து பிசகினால் பணிநீக்கம். அச்சுப்பிழைக்கு நாமே வாசல் திறந்துவிட வேண்டாம்.

என் சொல்லுக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, செல்லாதது பணம் மட்டுமா என்பது. செல்லாத வாக்கு, செல்லாத ஒப்பந்தம் எல்லாம் இருக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். தலைச்சொல்லாக ‘நோட்டுச் செல்லாதாக்கம்’, ‘காசுச் செல்லாதாக்கம்’ என்று அடையோடு கொடுப்போம். பத்திக்குள் முதல் தடவைக்குப் பிறகு அடை தேவைப்படாது. இலக்கணத்தில், ‘செல்லாததாக்கம்’ அல்லவா என்று கேட்டால், இல்லாதாக்கு என்ற வினை நம்மிடம் உண்டு. அதே வார்ப்பில் செல்லாதாக்கு, செல்லாதாக்கிய நோட்டு, செல்லாதாக்கம். வினையாகவும் பெயரெச்சமாகவும் தடையில்லாமல் நீள்கிறது. பணமதிப்பிழப்பை வினையாக்கிப் பாருங்கள், ‘பணமதிப்பிழக்கச் செய்யப்பட்ட நோட்டுகள்’ என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் இது பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டில் நாடுகள் வெள்ளியைக் கைவிட்டு தங்கத்துக்கு மாறியதையும் ஆங்கிலத்தில் டிமானிடைசேஷன் என்றே குறிக்கிறார்கள். 1893இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தின. ஆனால் வெள்ளி ரூபாய் அதன் பிறகும் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு ‘வெள்ளியின் பணநிலை நீக்கம்’ என்று தனிப்பதிவு போடுவோம். நல்ல மாற்று இருந்தால் சொல்லுங்கள், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

1946, 1978 பகுதிகளை இந்தச் சொற்களோடு திருத்தி ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். வாக்கியத்தில் எங்காவது இடறினால் அந்த வாக்கியத்தையே எடுத்துப்போட்டு எழுதுங்கள். பட்டியலாகப் பார்ப்பதைவிட அப்படிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும்.