குன்னூரிலிருந்து மெல்போர்ன்: பதினொன்றரை மணியா, பதினான்கரையா, இருபதா?

குன்னூர் தங்கை:
அக்டோபர் 14 அன்று அம்மாவை மெல்போர்னில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் தனியாக அனுப்புகிறோம். கோவையில் அதிகாலை 1.00 மணிக்கு ஏறி, 7.45-க்குச் சிங்கப்பூர். அங்கே 10.30-க்கு அடுத்த விமானம், மெல்போர்ன் இரவு 9.00. எப்படி எண்ணினாலும் 20 மணி நேரம் வருகிறது. டிக்கெட்டில் பதினான்கரை என்று போட்டிருக்கிறார்கள். தூரம் காட்டும் ஒரு தளமோ 8,880 கி.மீ., பதினொன்றரை மணி என்கிறது. செப்டம்பருக்கு விசாரித்தபோது இதே விமானம் இரவு 8.00-க்கே இறங்குவதாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து கூடியது? அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கேள்வி.

வெலிங்டன் வாசி:
டிக்கெட் சொல்வதுதான் சரி. அதில் உள்ள நேரமெல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே, மெல்போர்ன் அக்டோபரில் ஐந்தரை மணி முன்னே. 20-இல் ஐந்தரையைக் கழித்துப் பாருங்கள்.

செப்டம்பரில் அதே வித்தியாசம் நாலரை மணிதான். அக்டோபர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறன்று பழையபடி வைப்பார்கள். பறக்கும் நேரம் கூடவே இல்லை. பிரிஸ்பேன் என்றால் இந்தக் குழப்பமும் கிடையாது, அங்கே மாற்றுவதில்லை.

அந்தத் தளம் சொல்வது நேர்கோட்டுத் தூரமும் நடுவில் இறங்காமல் பறக்கும் நேரமும்; சிங்கப்பூரில் காத்திருக்கும் இரண்டேமுக்கால் மணி அதில் இல்லை. மேட்டுப்பாளையத்துக்கு வரைபடத்தில் கோடு போட்டால் சாலைத் தூரத்தில் பாதிதான் வரும், அந்த மாதிரி. நல்லவேளை, சிங்கப்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. 3,150-உம் 6,050-உம் சேர்த்து 9,200 கி.மீ. வளைகுடா வழியாகப் போட்டிருந்தால் மேற்கே போய்த் திரும்பி 14,000-க்கு மேல் ஆகியிருக்கும். விலை குறைவு என்று அதை எடுக்காதது நல்லது.

மாத்திரைக்கு நம் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஏறுவது 1.00, சிங்கப்பூர் 5.15, மறுபடி ஏறுவது 8.00, மெல்போர்ன் மதியம் 3.30. போய்ச் சேர்ந்தபின் எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

கோத்தகிரிக்காரன்:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. 14-ஆம் தேதி 1.00 என்றால் 13-ஆம் தேதியே கிளம்ப வேண்டும்! ராத்திரி பத்து மணிக்கு விமான நிலையத்தில் இருக்கணும். அக்டோபரில் மழை பிடித்தால் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரியும், அப்போது கோத்தகிரி வழியாகத்தான் இறங்க முடியும். சாயங்காலம் ஐந்து மணிக்கே புறப்படுங்கள். துடியலூரில் இடதுபக்கம் திரும்பிச் சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போனால் கோவை நெரிசலில் மாட்ட வேண்டாம்.

குன்னூர் தங்கை:
தாள் எழுதிவிட்டேன் அண்ணா. திரும்பி வரும்போதும் இதே நேரம்தானா? வண்டி கோவையிலிருந்து வரச் சொல்லலாமா?

வெலிங்டன் வாசி:
மெல்போர்ன்–சிங்கப்பூர் கொஞ்சம் கூடும், மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று எதிர்க்காற்றாகிவிடும்.

கோத்தகிரிக்காரன்:
கோவை வண்டிக்கு மேலே ஏற இ-பாஸ் எடுக்கணும். நம் மாவட்டப் பதிவு வண்டிக்கு வேண்டாம். உள்ளூர் டிரைவரையே பிடிங்க, மழை நாளில் எந்த வளைவில் மெதுவாகப் போகணும் என்று அவருக்குத் தெரியும்.