பரணில் கிடைத்த கார்டு டப்பா

*முத்தியால்பேட்டை வீடு (குடும்பக் குழு)*

அம்மா: பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே முழுக்க கிரிக்கெட் படம், மல்யுத்தக்காரர் படம். பழைய பேப்பர்காரர் வாசலில் நிற்கிறார். போட்டுவிடட்டுமா?

சித்தப்பா: அண்ணி!! கொடுத்துவிடாதீர்கள். அது என்னுடையது. முதலில் போட்டோ அனுப்புங்கள்.

அம்மா: 📷 📷

சித்தப்பா: கபில்தேவ்! ஸ்ரீகாந்த்! எல்லாம் பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்தவை. ஒவ்வொன்றிலும் ரன்னோ விக்கெட்டோ போட்டிருக்கும், அதைச் சேர்க்கத்தான் அந்த அடி அடித்துக்கொள்வோம்.

பாரிஸ் அத்தை: என்னுடையது என்று சொல்லாதேடா. பபுள்கம் வாங்கிய காசு என் உண்டியல் காசு.

அண்ணன்: அம்மா, பேப்பர்காரரை அனுப்பிவிடுங்கள். 2022இல் அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரர் படம், டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட கார்டு. நம் பணத்தில் நூறு கோடி!

அம்மா: நூறு கோடியா?? டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நான்: சாயங்காலத்துக்குள் அம்மா மாடி கட்ட கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவார் 😂

சித்தப்பா: பொறுங்கள். அந்தக் கார்டுக்கு ஏன் அந்த விலை? அது 1952 சீசன் முடிகிற நேரத்தில் வந்த தொகுப்பு. பிள்ளைகள் வாங்கவில்லை. பல வருடம் கிடங்கில் கிடந்து, 1960இல் டாப்ஸ் கம்பெனியே மிச்சப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. மிஞ்சியது கொஞ்சம். அதிலும் மூலை மடங்காதது அதைவிடக் கொஞ்சம். எண்பதுகளின் கடைசியில் என்ன ஆனது? விலை ஏறும் என்று ஆளாளுக்கு வாங்கிப் பூட்டி வைத்தார்கள், கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்தன. அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் சல்லிசு. பழசு என்பதற்காக மட்டும் யாரும் காசு தர மாட்டார்கள்.

அண்ணன்: இன்னொரு பேஸ்பால்காரர், ஹோனஸ் வாக்னர், அவர் கார்டும் பெரிய விலையாமே?

சித்தப்பா: அது 1909-11இல் சிகரெட் பாக்கெட்டில் வந்தது. தன் படம் போட வாக்னர் சம்மதிக்கவில்லை, அச்சை நிறுத்திவிட்டார்கள். புகையிலை பிடிக்காமல் என்கிறார்கள், காசுத் தகராறு என்றும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ காசுதான் என்று தோன்றுகிறது.

அம்மா: நம்முடையது எவ்வளவு போகும், அதைச் சொல்லுங்கள்.

சித்தப்பா: பெரிதாக ஒன்றும் போகாது அண்ணி. நம் ஊர் பபுள்கம் கார்டைத் தேடுகிறவர்கள் குறைவு. கவாஸ்கருக்கு யாரோ பேனாவால் கண்ணாடி வேறு மாட்டியிருக்கிறார்கள்.

பாரிஸ் அத்தை: 🙄

அம்மா: சரி, அழகாகவாவது இருக்கட்டும். நேரு வீதியில் லேமினேஷன் போட்டு வாங்கி வருகிறேன்.

சித்தப்பா: ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள்! சூட்டில் ஒட்டினால் திரும்ப எடுக்க முடியாது, கார்டு அதோடு சரி. ஈரத்துணியும் வேண்டாம். ரப்பர் பேண்டை மெல்லக் கழற்றுங்கள், உருகி ஒட்டியிருக்கும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் பிவிசி கலக்காத உறையில் போட வேண்டும். கடல் காற்றுக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதுதான்.

நான்: அடியில் ஒரு ஆல்பமும் இருக்கிறது. பனினி கம்பெனியின் கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பம், ஃபிரான்ஸ் 98 உலகக் கோப்பை.

பாரிஸ் அத்தை: நான் அனுப்பியது! இறுதி ஆட்டத்தில் பிரேசிலை 3-0 என்று அடித்த வருடம். ஜிதான் இருக்கிறானா?

நான்: இருக்கிறார், தலைகீழாக. அண்ணன் ஒட்டியது.

அண்ணன்: எனக்கு அப்போது ஆறு வயது!

சித்தப்பா: ஒட்டாத ஸ்டிக்கராக இருந்திருந்தால் மதிப்பே வேறு. அக்கா, லியோன் அணியில் தொராசு ஆடினாரே, அவர் ஸ்டிக்கர் அங்கே கிடைத்தால் வாங்கி வா. இந்திய வம்சாவளிக்காரர், 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர். எனக்கு அது மேன்டிலைவிடப் பெரிசு.

பாரிஸ் அத்தை: பழைய சாமான் சந்தையில் பார்க்கிறேன். பதிலுக்கு ஸ்ரீகாந்த் கார்டு எனக்கு. 83 இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியிலும் அதிக ரன் அவருடைய 38தான், மறந்துவிட்டாயா?

சித்தப்பா: ஸ்ரீகாந்தைத் தர மாட்டேன். மல்யுத்த டிரம்ப் கார்டில் அண்டர்டேக்கரை எடுத்துக்கொள்.

பாரிஸ் அத்தை: ஆந்த்ரே தி ஜயன்ட்டையும் சேர்த்துக் கொடு, யோசிக்கிறேன்.